உங்க வீடு எவ்வளவு காத்துக்குத் தாங்கும்? மாடில ஷெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



வீட்டுக் கடன்னு சொன்னா வட்டி, இ.எம்.ஐ., வரிச் சலுகைன்னு நிறையப் பேசுறோம். அந்தக் கடன்ல வாங்குற வீடு எவ்வளவு காத்துக்குத் தாங்கும்னு யாரும் கேக்குறதில்ல. நானும் கேக்கல. அதுக்கு என்ன விலை கொடுத்தேன்னு முதல்ல சொல்லிடுறேன்.

எங்க வீடு சிவகாசி பக்கம். அப்பா ரிட்டயர் ஆனதும் மொட்டை மாடில 300 சதுர அடிக்கு ஒரு ஷீட் ஷெட் போட்டார். பாதிப் பணம் என்னோட சேமிப்பு. வேலை முடிஞ்ச அன்னிக்கு வெல்டர், "அண்ணாச்சி, இருவது வருஷத்துக்கு அசையாது"ன்னு சொல்லிட்டுப் போனார். மூணாவது வருஷம், மே மாசம், ஒரு சாயங்காலம். புயல் எச்சரிக்கை எதுவும் இல்ல. கோடை மழைக்கு முன்னாடி புழுதியோட வருமே, அந்தக் காத்துதான். பத்து நிமிஷம்கூட அடிச்சிருக்காது. ஷெட்டோட ஒரு பக்கம் தூணோட எந்திரிச்சு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு வாசல்ல நின்ன பைக் மேல விழுந்துது. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்த இடத்துலதான் தெருப் பசங்க விளையாடிட்டு இருந்தாங்க.

சரி, இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு ஃபைலை எடுத்தேன். கடன் வாங்கும்போது "இன்ஷூரன்ஸும் சேர்த்துப் போட்டாச்சு சார்"னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. பிரிச்சுப் படிச்சா, அது கடன் வாங்கினவர் இறந்துட்டா மீதிக் கடனைக் கட்டுற பாலிசி. வீட்டுக்கு ஒரு ரூபாய் காப்பீடும் இல்ல.

அதுக்கு அப்புறம் தேடிப் படிச்சதும், ரெண்டாவது தடவை ஷெட் போடும்போது ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டதும்தான் இந்தப் பதிவு.

1. ஹரிகேன் காத்து விருதுநகருக்கு வருமா?

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். அட்லாண்டிக் பக்கம் ஹரிகேன், மேற்கு பசிபிக்ல டைஃபூன், நம்ம பக்கம் புயல். எல்லாம் ஒரே விஷயம். சராசரிக் காத்து வேகம் மணிக்கு 119 கி.மீ.யைத் தொட்டா அமெரிக்கால அதை ஹரிகேன்னு சொல்வாங்க. இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்குல 62 கி.மீ.ல இருந்து புயல், 89ல இருந்து தீவிரப் புயல், 118ல இருந்து மிகத் தீவிரப் புயல். அதாவது அவங்க ஹரிகேன் தொடங்குற இடமும், நம்ம மிகத் தீவிரப் புயல் தொடங்குற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

"நம்ம மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லையே"ன்னு விருதுநகர்க்காரங்க கேப்பீங்க. நியாயம்தான். 2016 டிசம்பர் 12ல வர்தா சென்னையை அடிச்சுது. 2018 நவம்பர் 16 அதிகாலைல கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. ஆனா கஜா கரையோட நிக்கல. டெல்டாவைத் தாண்டி உள்ளே வந்து, திண்டுக்கல், கொடைக்கானல் பக்கம் வரைக்கும் மரத்தைச் சாய்ச்சுட்டு, கேரளா வழியா அரபிக்கடலுக்குப் போச்சு. திண்டுக்கல் நமக்கு எவ்வளவு தூரம்? நடுவுல மதுரை மட்டும்தான்.

இதை உணர்ச்சியா பார்க்காம எண்ணா பார்க்க ஒரு வழி இருக்கு. கட்டடத்து மேல காத்து எவ்வளவு சுமை தரும்னு சொல்ற இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. கடைசியா 2015ல திருத்தி வெளியிட்டாங்க. அதுல ஊர்வாரியா அடிப்படைக் காத்து வேகம்னு ஒரு பட்டியல் இருக்கு. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. திருச்சிக்கு 47 மீட்டர். மதுரைக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கி.மீ. விருதுநகர், சிவகாசி பக்கம் மதுரையை ஒட்டின பகுதிங்கிறதால இந்தப் பதிவு முழுக்க 39ஐ வச்சே கணக்குப் போடுறேன்.

இந்த 140 சராசரி வேகம் இல்ல. 3 நொடி அடிக்கிற ஒரு வீச்சு. டிவில சொல்ற புயல் வேகம் சராசரி. சராசரி 119 இருக்கிற புயல்ல இடையிடையே வர்ற வீச்சு 140ஐத் தொட்டுட்டுப் போகும். அப்போ நம்ம ஊர் வீட்டுக்குத் தரநிலை வச்சிருக்கிற பரீட்சையே ஹரிகேன் வாசல்லதான் நிக்குது.

இப்போ சம்பளக்காரங்களுக்குப் புரியற கணக்கு. அந்த 39 மீட்டர் 50 வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்பார்க்கிற வேகம். அதுக்காக 49 வருஷம் நிம்மதியா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. எந்த ஒரு வருஷத்துலயும் அதைத் தாண்ட 2% வாய்ப்பு. உங்க வீட்டுக் கடன் 20 வருஷம்னா, அந்த 20 வருஷமும் தப்பிக்கிற வாய்ப்பு 0.98ஐ 20 தடவை பெருக்கினா வர்ற எண். அது 0.67. அதாவது கடன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்தக் காத்து வர்றதுக்கு 33%, மூணுல ஒரு பங்கு வாய்ப்பு. மூணுல ஒண்ணுன்னா, மியூச்சுவல் ஃபண்ட்ல அதை நீங்க சின்ன ரிஸ்க்னு சொல்ல மாட்டீங்க.

2. காத்து தள்ளாது, தூக்கும்

நம்ம மனசுல இருக்கிற படம், காத்து சுவரைத் தள்ளும், சுவர் விழும்ங்கிறது. கூரை விஷயத்துல அது பாதிதான் உண்மை. கூரை மேல வேகமா ஓடுற காத்து, அதை மேல்நோக்கி உறிஞ்சும். ஓடுற பஸ்ல ஜன்னல் திரை வெளிய இழுத்துக்கிட்டுப் போகுமே, அதே மாதிரி. ஷெட்டோட பக்கங்கள் திறந்திருந்தா கீழ இருந்தும் காத்து முட்டித் தூக்கும்.

எவ்வளவு தூக்கும்? தரநிலைல இருக்கிற சூத்திரம் ரொம்ப எளிது. காத்து வேகத்தை (நொடிக்கு மீட்டர்) அதே எண்ணால பெருக்கி, 0.6ஆல பெருக்குங்க. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம்னு வந்துடும். அதை 9.8ஆல வகுத்தா கிலோ. எங்க ஷெட் 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். கணக்குப் போட்டா:

மணிக்கு 60 கி.மீ.: சுமார் 475 கிலோ
மணிக்கு 100 கி.மீ.: சுமார் 1,320 கிலோ
மணிக்கு 140 கி.மீ. (மதுரைக் கணக்கு): சுமார் 2,600 கிலோ
மணிக்கு 180 கி.மீ. (சென்னைக் கணக்கு): சுமார் 4,290 கிலோ

வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும். கூட்டு வட்டி மாதிரி, ஆரம்பத்துல சின்னதா தெரிஞ்சு பின்னாடி மிரட்டும். இது எளிய கணக்குதான். கூரையோட சாய்வு, உயரம், சுத்தி இருக்கிற கட்டடம் எல்லாம் சேர்த்தா மாறும். கூரையோட ஓரத்துலயும் மூலைலயும் இதைவிட அதிகமாவே இழுக்கும்.

இப்போ அடுத்த பக்கம். அந்த ஷெட்டோட எடை எவ்வளவு? அரை மில்லி தகர ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. இரும்புக் குழாய்ச் சட்டம் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 300 கிலோ பக்கம். பாருங்க, 60 கி.மீ. காத்துக்கே தூக்குற விசை எடையைத் தாண்டிடுச்சு. அதனாலதான் எங்க ஷெட் புயலுக்காகக் காத்திருக்கல. ஒரு மே மாசக் காத்தே போதுமா இருந்துது. சிவகாசி, சாத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. பட்டாசுத் தொழிலுக்குக் கை கொடுக்கிற வறண்ட வெயில்தான், கோடைல இடிமழையையும் அதுக்கு முன்னாடி ஓடி வர்ற சூறைக்காத்தையும் கிளப்பி விடுது.

அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். அதோட எடை சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல. 140 கி.மீ. காத்து தூக்குறது 93 கிலோதான். தளம் அசையாது. ஆபத்து அந்தத் தளத்து மேல நாம பின்னாடி சேர்த்த சாமான்ல இருக்கு. ஷெட், ஹெட்ரூம் கூரை, சோலார் பேனல், காலி டேங்க், கைப்பிடிச் சுவர்.

3. சங்கிலில எந்தக் கண்ணி அறும்?

140 கி.மீ.க்கு 2,600 கிலோ தூக்குது, 300 கிலோ எடை. மீதி 2,300 கிலோவை யாராவது பிடிச்சு வைக்கணும். அந்த இழுப்பு ஷீட்ல ஆரம்பிச்சு ஸ்க்ரூ, குறுக்குச் சட்டம், தூண், பேஸ் பிளேட், போல்ட், கடைசில கான்கிரீட்னு ஒவ்வொரு கையா மாறிப் போகும். இதுல எந்தக் கை பலவீனமோ அங்க விடும். மத்ததெல்லாம் எவ்வளவு கனமான இரும்பா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. எங்க வீட்டுல ரெண்டு இஞ்ச் குழாய் வளையவே இல்ல. போல்ட் தளத்தை விட்டு அப்படியே பிடுங்கிட்டு வந்துடுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மாடிக்குப் போய் இதையெல்லாம் பாருங்க. ஒரு டேப்பும் போன் கேமராவும் போதும்.

ஸ்க்ரூ: சதுர மீட்டருக்கு நாலு ஸ்க்ரூ இருந்தா ஒண்ணுக்கு 23 கிலோதான் வரும். ஒண்ணரை ஸ்க்ரூதான் இருந்தா 62 கிலோ. மூலைல இன்னும் கூடும். பெரும்பாலும் ஸ்க்ரூ உடையாது. மெல்லிசு ஷீட் ஸ்க்ரூ தலையைச் சுத்திக் கிழிஞ்சு வெளிய வந்துடும். அதனால வாஷர் முக்கியம். ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கா, ஸ்க்ரூவைச் சுத்தித் துரு வட்டம் இருக்கான்னு பாருங்க. ஓரத்துலயும் மூலைலயும் நடுவுல இருக்கிறதைவிட நெருக்கமா ஸ்க்ரூ இருக்கணும். எல்லா இடத்துலயும் ஒரே இடைவெளின்னா, கணக்குப் போடாம அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

வெல்டிங்: குறுக்குச் சட்டம் தூணோட சேர்ற இடத்துல நாலு பக்கமும் வெல்டு ஓடியிருக்கா, இல்ல ரெண்டு பொட்டு மட்டும் வச்சிருக்கா? அங்க பெயின்ட் உரிஞ்சு துரு வந்திருந்தா அதுதான் முதல் வேலை.

போல்ட்: இதுதான் நாங்க தோத்த இடம். ஆறு தூண் இருந்தா 2,300 கிலோவை ஆளுக்குச் சுமார் 385 கிலோவா பிரிச்சுக்கும். ஒரு பிளேட்டுக்கு நாலு போல்ட்னா, போல்ட்டுக்கு நூறு கிலோகூட வராது. நல்ல கான்கிரீட்ல சரியான ஆழத்துக்குப் போன ஆங்கர் போல்ட்டுக்கு இது பெரிய வேலையே இல்ல. ஆனா நம்ம மொட்டை மாடில மேல இருக்கிறது கான்கிரீட் இல்ல. தட்டோடு, அதுக்குக் கீழ செங்கல் ஜல்லி சுண்ணாம்பு. அதுக்கும் கீழதான் தளம். போல்ட் மேல் அடுக்கோட நின்னுட்டா அது எதையும் பிடிக்கல. "தளத்துல துளை போட்டா ஒழுகும்"னு பயந்துதான் பல பேர் மேலாக விட்டுடறாங்க. அந்தப் பயம் சரிதான். அதுக்கு வழி, துளையைச் சுத்தி முறையா வாட்டர்ப்ரூஃபிங் பண்றது. இல்லேன்னா தளத்துக் கம்பியோட சேர்த்துக் குட்டையா கான்கிரீட் பீடம் எழுப்பி அதுல போல்ட் வைக்கிறது.

கைப்பிடிச் சுவர்: நாலரை இஞ்ச் செங்கல், ஒரு மீட்டர் உயரம், நடுவுல தூண் எதுவும் இல்லாத சுவரை எடுத்துக்குங்க. 140 கி.மீ. காத்து அதைக் கவிழ்க்கிற விசை, சுவரோட எடை எதிர்த்து நிக்கிறதைப் போல மூணு மடங்குக்கு மேல. அப்போ அது நிக்கிறது முழுக்க அடியில இருக்கிற சிமென்ட் பூச்சோட புண்ணியத்துல. அங்க விரிசல் இருந்தா அந்தச் சுவர் தெருவைப் பார்த்து நிக்கிற ஆபத்து. பத்தடிக்கு ஒரு சின்ன கான்கிரீட் தூணும், மேல ஒரு கான்கிரீட் பட்டையும் இருந்தா கதையே வேற.

டேங்க்: ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் நிறைஞ்சா ஒரு டன். காலியா இருந்தா ஒரு ஆளே தூக்கிடலாம். புயல் செய்தி வந்தா மோட்டாரைப் போட்டு டேங்கை நிறைங்க. கரன்ட் போனா குடிக்கவும் உதவும்.

சோலார் பேனல்: இது மேல படுத்துக்கிட்டு இருக்கிற ஷெட்தான். அதே கணக்கு, அதே போல்ட் கேள்வி. எத்தனை யூனிட் கரன்ட் வரும்னு கேக்குற கம்பெனிகிட்ட, எந்தக் காத்து வேகத்துக்கு ஸ்டாண்டு டிசைன் பண்ணியிருக்கீங்கன்னும் எழுத்துல கேளுங்க.

4. கதவும் ஜன்னலும் கூரைக்கு எதிரி ஆகுற நேரம்

காத்து அடிக்கிற பக்கம் ஒரு பெரிய ஜன்னலோ ஷட்டரோ உடைஞ்சா, காத்து உள்ளே புகுந்து வெளிய போக வழியில்லாம கூரையை உள்ளிருந்தும் தள்ளும். மேல இருந்து இழுப்பு, கீழ இருந்து தள்ளு. இதையும் தரநிலை எண்ணா சொல்லுது. சுவர்ல திறப்பு 5%க்குள்ள இருந்தா உள் அழுத்தத்துக்கு 0.2 பங்கு சேர்க்கச் சொல்லுது. 20%ஐத் தாண்டினா 0.7 பங்கு.

வீட்டைவிட இது குடோனுக்கும் பிரஸ்ஸுக்கும் முக்கியம். சிவகாசில நிறையப் பேர் வீட்டுல அப்பாவோ மாமாவோ சின்ன அச்சகமோ பைண்டிங் கடையோ வச்சிருப்பாங்க. முன்னாடி அகலமான ஷட்டர், மேல ஷீட் கூரை. ஷட்டர் காத்துல உள்பக்கமா வளைஞ்சு தடத்தை விட்டு வெளிய வந்துட்டா, அடுத்தது கூரைதான். ஷட்டரோட ரெண்டு பக்கத் தடமும் சுவர்ல எத்தனை இடத்துல பிடிச்சிருக்கு, துரு பிடிச்சிருக்கான்னு பார்த்துடுங்க. நடுவுல கழட்டி மாட்டுற மாதிரி ஒரு இரும்புத் தாங்கு வச்சா நல்லது.

சென்னைல, கடலூர்ல வேலை பார்த்துக்கிட்டு அங்கேயே ஃபிளாட் பார்க்கிறவங்களுக்கும் இது உண்டு. மேல் மாடி, பெரிய கண்ணாடி பால்கனின்னு மயங்குறதுக்கு முன்னாடி, கண்ணாடியோட கனமும் சட்டத்தோட பிடிப்பும் என்னன்னு கேளுங்க. ஊர்ல போட்ட அதே ஷெட்டைச் சென்னை வீட்டு மாடில போட்டா, அது தாங்க வேண்டிய விசை 1.64 மடங்கு.

5. ஃபுளோரிடா கத்துக்கிட்ட பாடம்

1992 ஆகஸ்ட் 24ல ஆண்ட்ரூ ஹரிகேன் அமெரிக்காவோட ஃபுளோரிடா மாநிலத்தை அடிச்சுது. நஷ்ட ஈடு கொடுத்தே பல இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க திவாலாச்சு. அப்புறம் ஆராய்ஞ்சு பார்த்தா, நிறைய வீட்டுல சுவர் நின்னுது, கூரைதான் போயிருந்துது. கூரைப் பலகையை ஆணிக்குப் பதிலா ஸ்டேப்ளர் ஊசியால அடிச்சிருந்த வீடுகளும் அதுல உண்டு. ஊசிக்கும் ஆணிக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு இருந்திருக்கும், நீங்களே யோசிங்க.

அதுக்கு அப்புறம் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி கொண்டு வந்தாங்க, 2002ல அமலுக்கு வந்துது. இன்னொரு நல்ல காரியமும் பண்ணாங்க. ஒரு ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, கூரைப் பலகையை எப்படி அடிச்சிருக்கு, கூரை சுவரோட எப்படிச் சேர்ந்திருக்கு, கூரை என்ன வடிவம், ஜன்னலுக்குப் பாதுகாப்பு இருக்கான்னு ஒரு படிவத்துல குறிப்பார். நல்லா இருந்தா, சட்டப்படியே இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தைக் குறைக்கணும். கவனிச்சீங்களா? அந்தப் படிவத்துல இருக்கிற கேள்வி பெரும்பாலும் இணைப்பைப் பத்தித்தான். உங்க மாடில மேல சொன்ன பட்டியலும் அதே கேள்விங்கதான், நம்ம ஊர் சாமானுக்கு.

6. இன்ஷூரன்ஸ்: பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

இப்போ என் ஃபைல் கதைக்கு வருவோம். ரெண்டு பாலிசி இருக்கு, பேர் மட்டும் ஒரே மாதிரி.

ஒண்ணு, கடன் பாதுகாப்பு பாலிசி. கடன் வாங்கினவர் இறந்தா கடனை அடைக்கும். வீடு போனா இதுக்குச் சம்பந்தமில்ல.

ரெண்டாவது, வீட்டுக் காப்பீடு. 2021 ஏப்ரல் 1ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷாங்கிற ஒரே மாதிரி பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டு வந்துது. தீ, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இதுல அடங்கும். சிவகாசிக்காரங்களுக்கு வெடிப்புங்கிற ஒரு வார்த்தைக்காகவே இது வேணும். ஆனா உரிமம் வேண்டிய அளவு பட்டாசோ மருந்தோ உரிமம் இல்லாம வீட்டுல வச்சிருந்தா அது சட்ட விரோதம். அந்த நிலைமைல கிளெய்ம் நிக்கும்னு நினைக்காதீங்க.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியவை:

காப்பீட்டுத் தொகை வீட்டோட சந்தை விலை இல்ல. திரும்பக் கட்ட ஆகுற செலவு. உதாரணத்துக்கு 1,000 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய்னா 22 லட்சம். நிலத்தோட சேர்த்து 60 லட்சத்துக்கு வாங்கியிருந்தாலும் காப்பீடு 22 லட்சத்துக்குத்தான். காத்து நிலத்தைத் தூக்கிட்டுப் போகாது.

வீட்டுச் சாமானுக்குக் கட்டடத் தொகைல 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாவே சேரும். மேல சொன்ன உதாரணத்துல 4.4 லட்சம்.

காம்பவுண்ட் சுவர், தண்ணித் தொட்டி, சோலார் பேனல் மாதிரி கூடுதல் அமைப்புகளையும் சேர்க்கலாம். பின்னாடி போட்ட ஷெட்டை மறைக்காதீங்க. அதையும் எழுத்துல சொல்லி, சேர்த்திருக்காங்களான்னு பாலிசில பாருங்க.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க சாமானுக்கு மட்டும் எடுத்துக்கலாம்.

உங்க ஷீட் பறந்து பக்கத்து வீட்டு பைக்கை நசுக்கினா, அந்த நஷ்டம் இந்த அடிப்படைப் பாலிசில வராது. மூணாம் நபர் பொறுப்புக் காப்பீடு தனியா கிடைக்குமான்னு கேளுங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு பைக் ரிப்பேர் காசை நாங்கதான் கொடுத்தோம்.

சின்னப் பிரஸ், குடோன் இருந்தா அதுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கு. மொத்த மதிப்பு 5 கோடி வரைக்கும் உள்ள தொழிலுக்கு.

7. பணத்தை எந்த வரிசைல செலவு பண்ணணும்?

முதல்ல, மாடில இருக்கிற பலவீனமான இணைப்பு. ஸ்க்ரூ, வாஷர், வெல்டு, போல்ட். ஷெட்டுக்கு ஆன செலவுல இது சின்னப் பங்கு. ஆனா மொத்த ஷெட்டும் இதை நம்பித்தான் நிக்குது.

ரெண்டாவது, வீட்டுக் காப்பீடு. பாலிசி பணத்தைத் திருப்பித் தரும். கீழ விளையாடுற பிள்ளைக்கு அது பதில் ஆகாது. அதனாலதான் போல்ட் முதல்ல, பாலிசி அடுத்தது.

மூணாவது, பராமரிப்புக்குன்னு மாசம் ஒரு தொகை. எஸ்.ஐ.பி. மாதிரி தனிக் கணக்குல ஆயிரம் ரூபாய் ஒதுக்கினா வருஷத்துக்கு 12,000. வருஷா வருஷம் பங்குனி பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெல்டரைக் கூப்பிட்டுப் பார்க்க அது போதும். ஐப்பசி மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை நீங்களே மாடிக்குப் போய் பாருங்க.

புதுசா ஷெட் போடப் போறீங்களா? வெல்டர்கிட்ட ரேட் பேசுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எங்க ஊருக்கு எந்த அடிப்படைக் காத்து வேகம் எடுத்திருக்கீங்க? மொத்தம் எத்தனை கிலோ மேல தூக்கும்? அதை எந்த போல்ட், எவ்வளவு ஆழத்துல பிடிக்கப் போகுது? மூணுக்கும் எண்ணா பதில் வந்தா அவர் கணக்குப் போட்டிருக்கார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னா வேற ஆளைப் பாருங்க. தாழ்ந்த கட்டடங்களைப் புயலுக்குத் தாங்கற மாதிரி பலப்படுத்துறதுக்குன்னே ஐ.எஸ். 15498 (2004)ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு. அதைப் பார்த்திருக்காரான்னும் கேக்கலாம். உங்க மாவட்டத்தோட காத்து ஆபத்து எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க, பி.எம்.டி.பி.சி. வெளியிட்ட இந்திய பாதிப்பு வரைபட நூலோட 2019 பதிப்பு இருக்கு.

எங்க வீட்டுல இப்போ புது ஷெட் நிக்குது. ஆறு தூணுக்கும் கான்கிரீட் பீடம், ஓரத்துல நெருக்கமா ஸ்க்ரூ. பழைய ஷெட்டைவிடச் செலவு கொஞ்சம் கூடத்தான் ஆச்சு. போன மே மாசமும் அதே மாதிரி ஒரு காத்து வந்துது. ஆபீஸ்ல இருந்து பதறிப் போய் அப்பாவுக்கு போன் பண்ணேன். "மேலதான்டா உட்கார்ந்திருக்கேன், ஒண்ணும் ஆகல"ன்னார். காத்து அடிக்கும்போது மேல உட்காராதீங்கன்னு திட்டிட்டு வச்சேன்.

இந்த வாரக் கடைசில ரெண்டு வேலை செய்ங்க. மாடிக்குப் போய் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்க. அப்புறம் வீட்டுக் கடன் ஃபைலைத் திறந்து, அதுல இருக்கிற இன்ஷூரன்ஸ் உங்க உயிருக்கா, உங்க வீட்டுக்கான்னு பாருங்க. அடுத்த வீடியோல பாரத் கிருஹ ரக்ஷா படிவத்தை வரி வரியா நிரப்பிக் காட்டுறேன். அதுவரைக்கும் பத்திரமா இருங்க!